போர்த்தி வைத்த கோர்ட்டினா

அப்பாவின் கோர்ட்டினா கார் மேல் பதினோரு வருடமாக ஒரு சொட்டு மழை விழவில்லை. வெயில் படவில்லை, காக்கை எச்சம் படவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்தும் படவில்லை. 2013இல் அப்பா தவறியபின் அம்மா அதற்குமேல் இரண்டு பழைய கம்பளியைப் போர்த்தி, அதற்கும் மேலே வீடு கட்டும்போது தளத்துக்கு அடியில் விரிக்கும் தடித்த கறுப்பு பிளாஸ்டிக்கைப் போட்டு, மூட்டை கட்டுகிற மாதிரி சுற்றிக் கட்டச் சொன்னார். கட்டியது நானும் அண்ணனும்தான், இறுக்கிக் கட்டினோம். 2024 பிப்ரவரியில் அந்தக் கயிற்றை அறுத்ததும் நான்தான்.

பிளாஸ்டிக்கை உருவியபோதே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அந்த வாடை வந்தது. கம்பளியின் அடிப்பக்கம் ஈரம். சொட்டச் சொட்ட இல்லை, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிற அளவு. கூரை முழுக்கப் பாலை ஊற்றி அரைகுறையாகத் துடைத்த மாதிரி வெள்ளை மூட்டம். பானெட்டிலும் இடப்பக்க முன்கதவிலும் கொப்புளங்கள், கடுகு அளவிலிருந்து மிளகு அளவுவரை, கூட்டம் கூட்டமாக. முன்கண்ணாடி ரப்பரின் ஓரமாகப் பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்துபோன தடம்போல மெல்லிய கோடுகள். கதவுகளின் அடி விளிம்பு பழுப்பு. அம்மா வாசலில் நின்று வெகு நேரம் பார்த்துவிட்டு, "காருக்கு அம்மை போட்டிருக்கு தம்பி, வேப்பிலை கொண்டாரட்டுமா?" என்றார். ஆடி மாதம் தவறாமல் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற வீடு எங்களுடையது, அதனால் அது பாதி விளையாட்டுதான், மீதிப் பாதி இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் வருடத்து ஃபோர்டு கோர்ட்டினா, மார்க் 3, 1600 இன்ஜின், அரக்கு நிறம். இங்கே தென்னாப்பிரிக்காவில், போர்ட் எலிசபெத்தில் (இப்போது அந்த ஊரின் பெயர் கெபேர்ஹா) ஃபோர்டு தொழிற்சாலையில் தயாரானது. ஒரு காலத்தில் டர்பனில் எங்கள் ஆட்களின் தெருக்களில் நாலு வீட்டுக்கு ஒரு கோர்ட்டினா நிற்கும். ஆறு சிலிண்டர் மூன்று லிட்டர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் மார்பை நிமிர்த்தி நடப்பார்கள், அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. மொபேனி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து 1981இல் இரண்டாம் கையாக வாங்கினார். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போகிறோமோ இல்லையோ, கார் குளித்துவிடும்.

சரி, மழையே படாத கார் எப்படி நனைந்தது?

டர்பன்காரர்களுக்கு விளக்க வேண்டாம், உப்பு ஜாடிக்குள் அரிசி போட்டு வைத்தாலும் கோடையில் உப்பு கட்டி தட்டுகிற ஊர் இது. மற்றவர்களுக்காக ஒரு கணக்கு. எங்கள் கராஜ் மூன்று மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம், உயரம் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (பிப்ரவரியில் இங்கே அது சாதாரண நாள்) அந்தச் சின்ன அறையின் காற்றில் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. 21 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று பனியாக இறங்கிவிடும். காரோ கிட்டத்தட்ட ஒரு டன் இரும்பு. இரவில் மெதுவாகக் குளிரும், காலையில் மெதுவாகத்தான் சூடேறும். கதவிடுக்கு வழியாகக் காலைக் காற்று உள்ளே வரும்போது இரும்பு இன்னும் ராத்திரிக் குளிரிலேயே இருக்கிறது. மோர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல காரும் வியர்க்கும். வெளியே நிற்கிற கார் என்றால் பத்து மணி வெயிலில் உலர்ந்துவிடும். எங்கள் கார் கம்பளியைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் மூட்டைக்குள் கிடந்தது, அதற்கு ஏது வெயில். கம்பளி அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு பெயிண்டின் மேலேயே படுத்திருந்தது, காய்ச்சல்காரன் நெற்றியில் போடும் ஈரத்துணி மாதிரி. அந்தத் துணியையாவது ராத்திரி எடுத்துவிடுவோம்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் மாமா மகன் ஒரு டாட்சனைப் பதினைந்து வருடமாக வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறான். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிர்காலம் முழுக்க வறண்ட காற்று. அங்கே ஒரு ஜூலை மத்தியானம், 15 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்று அதே கராஜ் கணக்கைப் போட்டால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தேறாது. அவன் வண்டியின் பெயிண்ட் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது, ஆனால் ஒரு கொப்புளம் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் இங்கே முதலில் கேட்பது "கடலோர வண்டியா, மேட்டுநில வண்டியா?" என்பதுதான். டர்பனில் நாங்கள் இருக்கிற மியர்பேங்கில் ப்ளஃப் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். காற்றில் வரும் உப்புத்தூள் எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீரை அழைத்துக்கொள்ளும். சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

இதெல்லாம் காற்றிலிருந்து வந்த தண்ணீர். தரையிலிருந்து வந்தது வேறு. அந்த கராஜின் சிமெண்டுத் தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் விரிக்கவே இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. சிமெண்டு பார்க்கத்தான் கல், உள்ளே பூராவும் நுண்ணிய துவாரம், மண்ணின் ஈரம் அதன் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்களுக்குப் பக்கத்து ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. எங்கள் வீட்டு வாசலைத் தண்ணீர் தாண்டவில்லை, "சாமி காப்பாத்துச்சு, கார் தப்பிச்சுது" என்று நிம்மதியாக இருந்தோம். மண்ணுக்குள் போன தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அதாவது, பிளாஸ்டிக்கை விரித்திருக்கவேண்டிய இடம் காருக்குக் கீழே. நாங்கள் அதை மேலே போர்த்தினோம்.

அண்ணன் செய்த ஒன்றையும் சொல்லவேண்டும், அவர் இதைப் படித்தால் கோபப்படுவார், பரவாயில்லை. முதல் ஒன்றரை வருடம் மாதம் ஒரு முறை வந்து, பின்பக்க பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிவிட்டு, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, "வண்டி உயிரோட இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது, நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ரசாயனம் அப்படித்தான். பத்து நிமிடத்தில் சைலன்சர்கூடச் சரியாகச் சூடேறாது. ஆவி பாதி குழாய்க்குள்ளும் மீதி கராஜுக்குள்ளும் நின்றுவிடும். பாதி மூடிய கதவுக்குள் இன்ஜினை ஓடவிட்டதில் மனுஷனுக்கு எதுவும் ஆகாமல் போனதே பெரிய விஷயம். பேட்டரி செத்தபோதுதான் அந்த வைத்தியம் நின்றது.

இனி என் முட்டாள்தனம். திறந்த அன்றே மனசு தாங்காமல் பாலிஷ் மெஷினும் அதோடு தேய்க்கிற காம்பவுண்ட் பசையும் எடுத்துவந்து கூரையில் ஆரம்பித்து, கூரை கொஞ்சம் பளபளத்ததும் தைரியம் வந்து பானெட்டில் வைத்தேன். பத்து விநாடி. நாலைந்து கொப்புளத்தின் தலை பறந்து, அடியில் சாம்பல் நிறப் பிரைமர் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அப்போதுதான் சாட்ஸ்வர்த்தில் இருக்கிற பேனல்பீட்டர் மாமாவுக்கு போன் போட்டேன். உங்கள் ஊரில் டிங்கரிங் என்பீர்கள், இங்கே அதற்குப் பேனல்பீட்டிங். ரத்த உறவு இல்லை, அப்பாவோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர், எழுபது தாண்டிவிட்டது. தன் பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) வந்து இறங்கியவர் என்னைப் பார்க்கவில்லை, நேரே மெஷின் ஒயரைப் பிடுங்கினார்.

"ஈரமா இருக்கிற புண்ணைத் தேய்க்கிறியே தம்பி. முதல்ல காயவிடு. காஞ்ச பிறகுதான் எது போச்சு எது இருக்குன்னு தெரியும்."

காயவிட்டோம். மார்ச் கடைசியில் நாடு முழுக்க லோட்ஷெட்டிங் நின்றது எங்களுக்கு அதிர்ஷ்டம், அதற்கப்புறம் அந்த வருடம் முடியும்வரை முறைவைத்துக் கரண்ட் வெட்டவில்லை. ஏப்ரலில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கிற டிஹ்யுமிடிஃபையர் மெஷின் ஒன்று வாங்கி, காரின் கதவு, பூட் (டிக்கி), பானெட் எல்லாவற்றையும் திறந்துவைத்து, சாதாரண டேபிள் ஃபேன் ஒன்றையும் போட்டு, கராஜ் இடுக்குகளைப் பழைய துணியால் அடைத்து ஓடவிட்டேன். அதன் தொட்டி இரண்டு லிட்டர். முதல் வாரம் தினமும் நிறைந்தது. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மா, "இன்னிக்கும் ஒரு குடம்" என்று ரிப்போர்ட் கொடுப்பார், அந்தத் தண்ணீரை அவர் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். மூன்றாவது வாரம் தொட்டியில் கால் பாகம்தான் சேர்ந்தது. சுவரில் மாட்டிய ஈரப்பத மீட்டர் 85இலிருந்து 50க்கு இறங்கியது. இரும்பு துருப்பிடிக்கிற வேகம் 60 சதவீதத்துக்கு மேலேதான் நன்றாக எகிறுகிறது, அதனால் 50 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

காய்ந்தபின் கார் வேறு மாதிரி தெரிந்தது. கூரையின் வெள்ளை மூட்டம் பெரும்பாலும் தானாகவே விலகிவிட்டது, மீதி லேசான காம்பவுண்டில் போனது. பூட் மூடியில் இருந்த சின்னக் கொப்புளங்கள் அமுங்கி, சாய்வாக டார்ச் அடித்தால்தான் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டன. பானெட்டும் இடப்பக்கக் கதவும் மட்டும் அப்படியே. மாமா ஒரு தையல் ஊசியால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கொப்புளத்தைக் குத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அடியில் சாம்பல் தெரிந்தால் பெயிண்ட் பிரைமரிலிருந்து விட்டிருக்கிறது, பழுப்பு தெரிந்தால் தண்ணீர் இரும்பைத் தொட்டுவிட்டது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தம். கதவின் கீழ்ப்பாதியில் அது ஒட்டவே இல்லை, வழுக்கி விழுந்தது. அவ்வளவு கனத்துக்குப் பள்ளத்தை நிரப்புகிற பட்டி.

அந்த இரண்டு பேனல்தான் 1995இல் மறுபடி பெயிண்ட் அடித்தவை. அப்பா ஒரு லாரியின் பின்னால் மோதிக்கொண்டு, எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஒருவரை வைத்து வேலை பார்த்தார். அவர் பெயர் வேண்டாம், இப்போது உயிரோடும் இல்லை. மற்ற பேனல்கள் எல்லாம் தொழிற்சாலையில் சூளையில் வைத்துச் சுட்ட 1974ஆம் வருடத்துப் பெயிண்ட், அவை இத்தனை அநியாயத்துக்கும் தாங்கியிருக்கின்றன.

ஏன் இந்த இரண்டு மட்டும் என்று மாமாவிடம் கேட்டேன். பெயிண்ட் என்பது கண்ணாடி மாதிரி மூடியிருக்கிற பொருள் இல்லை. தண்ணீராக உள்ளே விடாது, ஆனால் ஆவியாக மெல்ல மெல்ல விடும், வந்த வழியே வெளியேயும் விடும். அடியில் சுத்தமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அடியில் கொஞ்சம் உப்பு இருந்துவிட்டால்தான் வினை. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலை. உப்பு அந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தோல் வழியாக இழுத்துக்கொள்கிறது, இழுத்த தண்ணீர் பெயிண்டைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அது பஞ்சு மாதிரி குடித்துக்கொள்ளும், காயாமலே மேலே அடித்துவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. தேய்த்த தண்ணீர் சரியாகக் கழுவப்படாமல் காய்ந்தாலும் அதில் கரைந்திருந்ததெல்லாம் அங்கேயே தங்கும். வியர்த்த கையால் தொட்டாலும் போதும்.

"டூ-பேக் நல்ல பெயிண்ட்தான், அடிச்ச விதம்தான் கெட்டது," என்றார். டூ-பேக் என்றால் ஹார்டனரைக் கலந்து அடிக்கிற பெயிண்ட். அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் அந்த உப்புக்கு வேலை இல்லை, நனைவதும் காய்வதுமாகப் போயிற்று. நாங்கள் பதினோரு வருடம் காயவிடாமல் வைத்தோம்.

யாராவது உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் ஓட்டி, கதவடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுத்து, அப்புறம் நிறுத்துங்கள். மேலே ஒன்றும் போடாமல் தூசி படிந்து கிடந்தாலும் பரவாயில்லை, தூசியைக் கழுவிக்கொள்ளலாம். போர்த்தியே ஆகவேண்டும் என்றால் காற்று போய்வருகிற துணி உறை, பிளாஸ்டிக் கூடவே கூடாது. கராஜில் எதிரெதிராக இரண்டு துவாரமாவது இருக்கட்டும், எங்கள் அப்பா திருட்டுக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார், அதுவும் சேர்ந்துதான் இந்த வேலை. சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு வாங்கிச் சீட்டில் வைத்தால் போதும் என்கிறவர்களிடம் அந்த முக்கால் லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள்.

சரி, பானெட். ஜூன் மாதம் மாமா அதைக் கழற்றி இரண்டு மரப் பலகைமேல் வைத்தார். டர்பனில் பெயிண்ட் வேலைக்கு அதுதான் மாதம். பேனலின் சூடு பனி இறங்குகிற அளவைவிட மூன்று டிகிரியாவது மேலே இருக்கவேண்டும், கோடையில் அது லேசில் கிடைக்காது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, இடப்பக்க ஓரமாக, கொப்புளங்கள் வேறு மாதிரி வரிசையில் இருப்பது தெரிந்தது. நாலு கோடு, கீழே ஒரு அரைவட்டம். கை. யாரோ உள்ளங்கையை ஊன்றி நின்ற மாதிரி தெளிவாக, விரல் விரலாக, கொப்புளத்தில் வரைந்த கை.

எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாதான் அந்த வேலை நடந்த நாளெல்லாம் கூடவே நின்றார், அவருக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் திருப்தி. மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. நான் போய் அம்மாவைக் கூட்டிவந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உங்க அப்பா கை இவ்வளவு சின்னது இல்லையே," என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீதான் அன்னிக்கு ஹோஸ் புடிச்சு தண்ணி ஊத்தினே. தொடாதே தொடாதேன்னு அந்த ஆளு கத்திக்கிட்டே இருந்தான்."

பத்து வயது. ஹோஸ் பிடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பானெட் சாம்பல் நிறத்தில் இருந்ததும், அது வெயிலில் வெதுவெதுப்பாக இருந்ததும்கூட. வெதுவெதுப்பு எப்படித் தெரியும் என்று இத்தனை வருடமாக நான் யோசித்ததில்லை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், என் விரல்கள் ஒவ்வொரு பக்கமும் தாண்டி நின்றன.

மாமா தேய்க்கிற மெஷினில் எண்பதாம் நம்பர் தாளை மாட்டிக்கொண்டு, "எடுக்கட்டுமா?" என்றார்.

"எடுங்க மாமா."

இரும்புவரை இறங்கியபோது விரல் நுனி இருந்த இடங்களில் மூன்று சின்னக் குழி, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளித் துரு. அவற்றையும் எடுத்தார். இப்போது பானெட்டும் கதவும் எபாக்ஸி பிரைமரில் நிற்கின்றன, அது சாதாரண பிரைமர் மாதிரி தண்ணீரைக் குடிக்காது. மேல்பூச்சு அடுத்த மாதம். டூ-பேக்கின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துவிடும், துணி முகமூடியெல்லாம் போதாது, தனிக் குழாயில் காற்று வருகிற மாஸ்க் வேண்டும் என்பதால் அதைத் தன் ஒர்க்‌ஷாப்பில்தான் அடிப்பேன் என்கிறார் மாமா. நானும் வரவா என்று கேட்டேன். கையுறை போட்டுக்கொண்டு வருவதானால் வா, இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே நின்று பார் என்றார்.